பட்டறையில் தனியாக நிற்கிறீங்களா? ஆள் வர என்ன ஏற்பாடு?

(திருநெல்வேலி பேட்டைப் பகுதியில் சிறு பட்டறை நடத்துபவர்கள் முன் பேசிய உரை. போனில் படிப்பவர்களுக்காகச் சில இடங்கள் மட்டும் மாற்றி எழுதப்பட்டுள்ளன.)



முதலில் ஒரு சின்னக் கேள்வி. இதைப் படிக்கிற போன் இப்போது உங்க கையில் இருக்கிறது. நீங்க வேலை செய்யும்போது அது எங்கே இருக்கும்?

நான் விசாரித்த வரைக்கும் கிடைத்த பதில்கள் இவை. சார்ஜரில் தொங்கும். பாட்டு ஓடிக்கொண்டு ஜன்னல் திண்டில் இருக்கும். மேசை டிராயரில் கிடக்கும். வெல்டிங் பொறி பட்டு டிஸ்பிளே போய்விடும் என்று பைக் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்றார் ஒரு அண்ணாச்சி. அவர் பயமும் நியாயம்தான், டிஸ்பிளே மாற்ற என்ன செலவாகும் என்று நமக்குத் தெரியாதா? ஆனால், ஒரு ஆபத்து வருகிற நிமிஷத்தில் அந்தப் போனுக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கும்? அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படிங்க.

எங்க சித்தப்பாவுக்கு அது எட்டு அடியாக இருந்தது.

அவர் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய இடமில்லை. ஒரு வெல்டிங் மிஷின், ஒரு கட்டிங் மிஷின், இரண்டு கிரைண்டர், அவர். கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பையன் உண்டு, ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் மாட்ட வேண்டிய கேட்டில் கொஞ்சம் வேலை பாக்கி என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகப் போனார். சாய்த்து வைத்திருந்த அந்தக் கேட் சரிந்து, தொடையையும் வலது கையையும் சேர்த்துச் சுவரோடு அமுக்கிவிட்டது. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும் கேட் அது. எலும்பு முறிந்தது பிறகுதான் தெரிந்தது. அப்போது அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நகர முடியவில்லை, போன் மேசை மேல் இருக்கிறது.

கத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் பூட்டு. இடது கைக்கு ஒரு கம்பித் துண்டு எட்டியிருக்கிறது. அதை எடுத்துக் கேட்டிலேயே தட்டியிருக்கிறார். ஆனால் பட்டறைக்குள் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? தெருவில் இரண்டு பேர் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து அவர்களே சொன்னார்கள்: "அண்ணாச்சி வேலை பாக்காருன்னுல்லா நெனச்சோம்."

கடைசியில் அவரைக் காப்பாற்றியது நாலு மணி டீ. நாள் தவறாமல் நாலு மணிக்கு முக்குக் கடையில் போய் நிற்கிற ஆள் அவர். நாலேகால் ஆயிற்று, நாலரை ஆயிற்று. 'பைக் வெளியே நிக்கி, ஆளைக் காணுமே' என்று கடைக்காரர் எட்டிப் பார்த்திருக்கிறார். அதற்குள் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது.

இந்தக் கதையை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் கூப்பிட்டது எதுவும் யாருக்கும் எட்டவில்லை. அவர் வராமல் போனதுதான் எட்டியது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான். உதவி கூப்பிட எத்தனையோ வழி இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் அவை எல்லாம் நீங்க நினைவோடு இருந்து, ஒரு கையாவது அசைந்து, குரலாவது வந்தால்தான் பலிக்கும். இது எதுவும் நடக்காத நேரத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். நீங்க சும்மா இருந்தாலே ஆள் தேடி வருகிற மாதிரி ஒரு ஏற்பாடு.

இது புதுசு ஒன்றும் இல்லை. நம்ம தாமிரபரணி கடலில் சேர்கிற பக்கம்தான் கொற்கை. அந்தக் கடற்கரையில் முத்துக் குளிக்க இறங்கியவர்களுக்கு ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் ஒரு முனை கீழே போனவரிடம், இன்னொரு முனை தோணியில் நிற்பவர் கையில். கீழே இருப்பவர் அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். மேலே பிடிப்பவர் மச்சானாக இருப்பார், ஏனென்றால் அக்காளோ தங்கச்சியோ தாலியோடு இருக்க வேண்டும் என்ற அக்கறை அவருக்குத்தான் அதிகம் என்று நம்ம பக்கத்தில் ஒரு பேச்சும் உண்டு. அது எவ்வளவு நிஜமோ, கயிறு நிஜம். ஒருவர் கண்மறைவாக வேலை செய்யும்போது, அவரையே நினைத்துக்கொண்டு இன்னொருவர் நிற்பார். அசைவே வராமல் நேரம் கடந்தால் தோணியில் இருப்பவர் பேசாமல் நிற்க முடியாது.

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் ஆற்றோரமாகவே வாருங்கள். அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைகிறவர், வீரவநல்லூரில் தறியில் உட்கார்ந்திருப்பவர், காருகுறிச்சியில் சூளை மூட்டுகிறவர், மேலப்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவர், பேட்டையில் லேத் ஓட்டுகிறவர், ஊருக்கு ஒரு மாவு மில்லில் நிற்கிற அக்கா. இவர்களில் நிறையப் பேர் நாளில் ஒரு பாதியாவது தனியாகத்தான் வேலை செய்கிறார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்சாரம் பயன்படுத்துகிற இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று கணக்கில் எடுத்தது. ஒற்றை ஆள் பட்டறை அந்தக் கணக்குக்கு வெளியே. அங்கே முதலாளியும் நீங்கதான், தொழிலாளியும் நீங்கதான், பாதுகாப்பு அதிகாரியும் நீங்கதான்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2011 ஏப்ரலில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், படிப்பு முடிய சில வாரங்களே இருந்த 22 வயது மாணவி ஒருவர் ராத்திரி நேரம் பல்கலைக்கழகப் பட்டறையில் லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். தலைமுடி சுழலும் பாகத்தில் சிக்கியது. கூட யாரும் இல்லை. அந்த லேத்தில் இருந்திருக்க வேண்டிய தடுப்பு இல்லை என்று அந்த நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறை பிறகு குறிப்பிட்டது. உலகத்தின் பேர்பெற்ற பல்கலைக்கழகங்களில் ஒன்று. அங்கே பணத்துக்குக் குறையில்லை. மிஷினை நிறுத்த, பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லை என்பதுதான் குறை.

சரி, போனுக்கு வருவோம்.

முதலில் எண்கள். காயம், மயக்கம், நெஞ்சுவலி என்றால் 108. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, காசு கிடையாது. தீ என்றால் 101. போலீஸ் 100. பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வரவில்லையா, 112 போதும். மூன்றுக்கும் பொதுவான எண் அது. போன் பூட்டியிருந்தாலும் திரையில் இருக்கிற அவசர அழைப்புப் பொத்தானைத் தொட்டு இந்த எண்களைக் கூப்பிடலாம். உங்க போனை வேறு ஒருவர் எடுத்தாலும் பேட்டர்ன் தெரியாமலே கூப்பிடலாம். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

ஆனால் கையில் கிரீஸ், ரத்தம், வேர்வை. அப்போது டச் ஸ்கிரீன் பேச்சைக் கேட்காது, விரல் ரேகையும் எடுக்காது. அதற்குத்தான் பவர் பட்டன். 2017 முதல் இந்தியாவில் விற்கிற செல்போன்களில் அவசரப் பொத்தான் வசதி இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பழைய பட்டன் போன் என்றால் 5 அல்லது 9 எண்ணை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனைப் பட் பட்டென்று தொடர்ந்து அழுத்த வேண்டும். மூன்று தடவையா, ஐந்து தடவையா என்பது போனுக்குப் போன் மாறும்; இப்போது வருகிற ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் ஐந்து. செட்டிங்ஸில் மேலே தேடுகிற கட்டம் இருக்கும். அதில் எஸ், ஓ, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டுங்க. அந்த வசதி வந்து நிற்கும். அது 'ஆஃப்'பில் இருந்தால் 'ஆன்' பண்ணுங்க. அங்கேயே நமக்கு வேண்டியவர்கள் இரண்டு மூன்று பேரின் எண்ணையும் சேர்த்து வைக்கலாம். பட்டனை அழுத்தினால் அவசர எண்ணுக்கு அழைப்புப் போவதோடு, நீங்க இருக்கிற இடமும் அவர்களுக்குச் செய்தியாகப் போகிற மாதிரி அமைக்க முடியும். சோதித்துப் பார்க்கும்போது மட்டும் கவனம். கவுண்ட் டவுன் ஓடும்போதே ரத்து செய்துவிடுங்க. விளையாட்டுக்கு 112-ஐக் கூப்பிட்டால், நிஜமாகவே உயிருக்குப் போராடுகிற ஒருவருடைய வரிசையை நாம் அடைக்கிறோம்.

இதைப் பண்ணிவிட்டு, போனைத் திரும்ப ஜன்னல் திண்டில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. உடம்போடு இருக்க வேண்டும். எங்கே? நான் எல்லாரிடமும் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். போனை வழக்கமாக வைக்கிற பாக்கெட்டில் வையுங்க. இப்போது வலது கை மிஷினில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, இடது கையால் மட்டும் எடுத்துப் பாருங்க. பேன்ட் வலது பாக்கெட்டில் வைத்திருப்பவர் எடுக்கவே முடியாது. லுங்கி மடியில் சொருகியிருப்பவருக்கு அது முதலிலேயே கீழே விழுந்திருக்கும். சட்டையின் நெஞ்சுப் பாக்கெட், அதுவும் மூடியும் பட்டனும் வைத்தது, இரண்டு கைக்கும் எட்டும். பொறிக்குப் பயந்தால் ஒரு பழைய ரெக்சின் உறை தைத்துப் போடுங்க. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். லேத், டிரில்லிங் மிஷின், மாவு மில் பெல்ட் பக்கத்தில் கழுத்துக் கயிறும், தாவணியும், முந்தானையும், துண்டும், கைச்சங்கிலியும் ஒரே ஜாதி. இழுத்துக்கொண்டு போய்விடும்.

அதனால்தான் ஸ்மார்ட் வாட்ச் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் பாதி மனசோடுதான் பதில் சொல்வேன். ஆப்பிள் வாட்சில் 2018 முதல், பலமாக விழுந்ததைக் கண்டுபிடித்து, ஆள் ஒரு நிமிஷம் போல அசையாமல் கிடந்தால் தானாகவே அவசர எண்ணைக் கூப்பிடுகிற வசதி இருக்கிறது. ஏணியில் நின்று வேலை செய்பவருக்கு நல்லது. ஆனால் எங்க சித்தப்பா விழவில்லை. நின்ற இடத்திலேயே அமுங்கினார். அந்த வாட்ச் வாயைத் திறந்திருக்காது. சுழல்கிற மிஷின் முன்னால் கையில் வாட்சே கட்டக்கூடாது என்பது வேற விஷயம்.

குரல் வழி? கூகுள் அசிஸ்டன்டிடம் தமிழிலேயே 'தம்பிக்கு போன் பண்ணு' என்று சொன்னால் பண்ணும். பூட்டிய நிலையிலும் கேட்கும்படி அமைத்திருக்க வேண்டும், அதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்க. இதிலும் ஒரு சிக்கல். கிரைண்டர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிற மனுஷன் காதிலேயே நம்ம பேச்சு விழாது, போனுக்கு எங்கே விழும்? மோட்டாரை நிறுத்தினால்தான் குரலுக்கு மதிப்பு. ஆகவே நிறுத்துகிற பட்டன் எங்கே இருக்கிறது என்பதும் உதவி கூப்பிடுகிற விஷயத்தைச் சேர்ந்ததுதான். சுவரில் தலை உயரத்தில் ஒரு சுவிட்ச் மட்டும் இருந்தால் போதாது. முழங்காலுக்கோ காலுக்கோ எட்டுகிற மாதிரி, தட்டினால் நிற்கிற சிவப்புப் பட்டன் ஒன்று வையுங்க. நம்ம ஊர் எலக்ட்ரீஷியனே மாட்டித் தருவார். கூடவே, கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மிஷின் தானாக ஓடாமல் இருக்கிற ஸ்டார்ட்டர் இருக்கிறதா என்றும் அவரிடமே கேட்டுவிடுங்க.

தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் சிக்னல் எடுக்காது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலை செய்கிற அதே இடத்தில் நின்று ஒரு கால் பண்ணிப் பாருங்க. வாசலில் நின்று பார்த்துப் பயனில்லை. பட்டறையில் வைஃபை இருந்தால் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' போட்டுக்கொள்ளலாம்.

போனை விட்டுவிட்டு யோசித்தால், எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் ஒன்று உண்டு. ரிமோட் காலிங் பெல். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெல்லைப் பக்கத்து வீட்டிலோ எதிர்க் கடையிலோ மாட்டச் சொல்லுங்க. அதன் பட்டனை உங்க மிஷினுக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒட்டுங்க. விழுந்து கிடந்தாலும் எட்ட வேண்டும், அதற்குத்தான் அந்த உயரம். சிக்னல் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், பேட்டர்ன் வேண்டாம். பெல் அடித்தால் வந்து பார்க்க வேண்டும் என்று எதிர்க் கடைக்காரருக்குத் தெரிந்தால் போதும். பேட்டரியை மட்டும் அவ்வப்போது பாருங்க. மாதம் ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விசிலும் நல்லது. மூச்சுப் பிடித்துக் கத்தினால் பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டிவிடும், விசிலுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் சித்தப்பா கதையை மறக்க வேண்டாம். பட்டறையிலிருந்து வருகிற சத்தம் என்பதாலேயே யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். அதனால் மூன்று மூன்றாக: மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. மலையேறுகிறவர்களும் கடலில் போகிறவர்களும் மூன்று என்பதை ஆபத்துக் குறியாக வைத்திருக்கிறார்கள். உங்க தெருவிலும் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வையுங்க. சொல்லி வைக்காத சைகை சைகையே இல்லை.

இப்போது நான் முதலில் சொன்ன ஏற்பாட்டுக்கு வருகிறேன். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். நம்ம ஊருக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு காலத்தில் காசு மிச்சம் பண்ணக் கொடுத்தோம். 'வீட்டுக்குப் பத்திரமா வந்துட்டேன்' என்பதற்குக் கொடுத்தோம். அதையே இங்கே பயன்படுத்துகிறோம்.

தனியாக வேலை ஆரம்பிக்கும்போது ஒருவரிடம் சொல்ல வேண்டும்: 'பட்டறைக்கு வந்துட்டேன், ஆறு மணிக்குக் கிளம்புவேன்.' பிறகு பேசி வைத்த நேரத்தில் ஒரு மிஸ்டு கால். மிஸ்டு கால் வந்தால் எல்லாம் சரி. வராவிட்டால்தான் செய்தி. பலரும் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். 'ஏதாவதுன்னா போன் பண்ணுவார்' என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். நிஜமாகவே ஏதாவது ஆனால் அவரால் போன் பண்ண முடியாமல் போகலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

இது வேலை செய்ய வேண்டுமானால் சில விஷயங்களை முன்கூட்டிப் பேசி முடிவு பண்ண வேண்டும். மிஸ்டு கால் வரவில்லை என்றால் எத்தனை நிமிஷம் பொறுப்பது? எங்க வீட்டில் 10 நிமிஷம். அதற்குள் நாங்க இரண்டு தடவை கூப்பிடுவோம். எடுக்கவில்லை என்றால் அடுத்த போன் பட்டறைக்கு மிகப் பக்கத்தில் இருப்பவருக்கு, எங்க கணக்கில் டீக்கடைக்காரருக்கு. அவர் இரண்டு நிமிஷத்தில் எட்டிப் பார்த்துவிடுவார். நான் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போக முக்கால் மணி நேரம் ஆகும். கயிற்றைப் பிடிப்பவர் பாசக்காரராக இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு ஆளைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மறதி வரும். முதல் மாதத்தில் சித்தப்பா ஆறு ஏழு தடவை மறந்தார். ஒவ்வொரு தடவையும் டீக்கடைக்காரர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடிப்போய்ப் பார்த்து, "நல்லாத்தான் இருக்காரு" என்று எனக்கு போன் பண்ணுவார். அவருக்கு அலுத்துப்போய்விடுமோ என்றுதான் எனக்குப் பயம். ஒரே ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தோம்: மறந்ததற்குத் திட்டக்கூடாது. திட்டினால் மனுஷன் இந்த ஏற்பாட்டையே தொந்தரவு என்று விட்டுவிடுவார். இப்போது போனிலேயே அலாரம் வைத்திருக்கிறார். அலாரம் அடித்தால் மிஸ்டு கால்.

இடமும் தெரிய வேண்டும் என்றால், வாட்ஸ்ஆப்பில் லைவ் லொகேஷன் 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவில் அனுப்பலாம். ஊர் ஊராகப் போய் மோட்டார் இறக்குகிறவர்களுக்கும், தோட்டத்தில் பம்ப்செட் பார்க்கிறவர்களுக்கும் அது ரொம்ப உபயோகம். இடத்தைத்தான் அது காட்டும். புள்ளி ஒரே இடத்தில் நிற்பதால் நீங்க நன்றாக இருக்கிறீர்கள் என்று ஆகிவிடாது, அதனால் மிஸ்டு காலை விட்டுவிட வேண்டாம்.

ஆள் வந்தால் உள்ளே வர முடிய வேண்டுமே. ஷட்டரை உள்ளே பூட்டிக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள் நிறைய. இரவு மாவு மில்லில் தனியாக நிற்கிற ஒரு அக்காவிடம், பூட்டாதீங்க என்று சொன்னேன். "தம்பி, தெறந்து போட்டா யார் யாரோ வருவாங்க, அந்தப் பயம் எனக்குத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்னது சரி, நான்தான் யோசிக்காமல் பேசிவிட்டேன். அவருக்கு இரண்டாவது சாவிதான் தீர்வு. நம்பிக்கையான பக்கத்து வீட்டில் ஒரு சாவி. உள்ளே தாழ்ப்பாள் போடாமல் வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற பூட்டு. அதோடு, 2022 ஏப்ரலில் தமிழ்நாடு காவல் துறை வெளியிட்ட 'காவல் உதவி' செயலியை அவர் போனில் இறக்கித் தந்தேன். அதில் சிவப்பு நிற அவசரப் பொத்தானை அழுத்தினால் இருக்கிற இடத்தோடு தகவல் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். பெயர் முதலான விவரங்களை முதலிலேயே பதிந்து வைத்தால்தான் அவசரத்தில் உதவும்.

மின்சாரம் தனி விஷயம். ஷாக் அடித்தால் சில சமயம் தசை இறுகிக் கை கம்பியை விடாது, குரல் வராது, எந்தப் பட்டனும் அழுத்த முடியாது. அங்கே உங்களுக்காகக் கூப்பிட ஆள் வரும் வரைக்கும் நேரம் இருக்காது. அதனால் பட்டறை மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டுங்க. கசிவு வந்த கணத்தில் அதுவே கரண்டை வெட்டிவிடும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று சாவி வைத்திருப்பவருக்கும் டீக்கடைக்காரருக்கும் காட்டி வையுங்க. காப்பாற்ற வருகிறவர் முதலில் மெயினை அணைக்க வேண்டும், பிறகுதான் உங்களைத் தொட வேண்டும். இதைச் சொல்லி வைக்காவிட்டால் ஒருவருக்கு இரண்டு பேராக ஆஸ்பத்திரி போக வேண்டியிருக்கும். வெளியே கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987.

108-ஐக் கூப்பிடுகிறவர் என்ன சொல்வார் என்பதையும் யோசிக்க வேண்டும். அழைப்பை எடுப்பவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். 'பெரிய தெரு முக்கு' என்றால் அவருக்கு எப்படித் தெரியும்? மாவட்டம், ஊர், தெரு, தெரிந்த அடையாளம் ஒன்று, என்ன நடந்தது, எத்தனை பேர், கூப்பிடுகிறவர் எண் என்ற வரிசையில் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்க. சொந்தப் பட்டறை முகவரி தெரியாதா என்று கேட்பீர்கள். பதற்றத்தில் சொந்தப் பேரே மறக்கும். உதவிக்கு வந்த வெளியூர்ப் பையனுக்கு உங்க கதவு எண் எப்படித் தெரியும்? கூப்பிட்ட பிறகு போனை வைத்துவிடாமல், அந்தப் பக்கம் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்க. ஒருவரை மெயின் ரோட்டில் நிற்க வையுங்க. நம்ம சந்துகளில் ஆம்புலன்ஸ் தடுமாறுவது அந்தக் கடைசி 200 மீட்டரில்தான். ரத்தம் கொட்டுகிறது என்றால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிங்க. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் கையை எடுக்க வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு இரண்டு நாள் நின்றது. கரண்ட் இல்லை, பல இடங்களில் டவர் இல்லை. எல்லாருடைய கையிலும் போன் இருந்தது, யாருக்கும் யாரையும் கூப்பிட முடியவில்லை. அந்த நாட்களில் வந்து கதவைத் தட்டியது பக்கத்துத் தெருக்காரர்கள்தான். ஆகவே உங்க ஏற்பாட்டில் ஒரு பாதியாவது போன் இல்லாமல் நடக்கிறதா என்று பாருங்க. பெல், விசில், எதிர்க்கடை, சாவி.

கடைசியாக, எந்த ஏற்பாடு இருந்தாலும் தனியாகச் செய்யக் கூடாத வேலைகள் சில உண்டு. கிணறு, தொட்டி, செப்டிக் டேங்க் உள்ளே இறங்குவது. பெட்ரோல் இருந்த டேங்கில் வெல்டிங் வைப்பது. ஒரு ஆளால் தாங்க முடியாத எடையைச் சாய்ப்பது. விஷவாயு இருக்கிற குழியில் மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். அங்கே 101-ஐக் கூப்பிட வேண்டும், இறங்கக்கூடாது. சித்தப்பா இப்போது கேட் வேலையை ஞாயிற்றுக்கிழமை தொடுவதில்லை. அன்றைக்கு பெயின்ட் அடிப்பார், கணக்குப் பார்ப்பார். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால், "திங்கக்கெழம பையன் வரட்டும்" என்று சொல்லிவிடுகிறார்.

நேரம் ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. ஆறு மணி மிஸ்டு கால் எனக்குத்தான் வரும். இவ்வளவு நேரம் உங்களுக்காகப் போனை சைலண்டில் போட்டிருந்தேன், முதலில் அதை எடுக்கிறேன். கேள்வி இருந்தால் வெளியே டீ குடித்துக்கொண்டே பேசலாம், வாங்க.